ஜப்பான்காரரிடம் நாங்கள் சொன்ன அளவு

ஒரு ஜப்பான் கம்பெனி புதுசாகச் சின்னக் கார் ஒன்று செய்யப்போகிறது, அதற்காக நம் பக்கத்துக் குடும்பங்களை வீடு தேடி வந்து பார்க்கிறார்கள், உங்கள் வீடும் அதில் ஒன்று என்று சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. லோன் தருகிறேன், கார்டு தருகிறேன் என்று தினமும் யாராவது கூப்பிடுகிற காலம். இது என்னடா புது தினுசு என்று வைத்துவிட்டேன். மறுநாளும் கூப்பிட்டார். கடலூர் பக்கம் குடிகாட்டில் என் வீடு, சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேப்பில் வேலை. அங்கே கேன்டீனில் ஒருநாள் ஒரு ஃபாரம் சுற்றுக்கு வந்ததும், பைக் இருக்கிறதா, கார் வாங்கும் எண்ணம் உண்டா, வீட்டில் எத்தனை பேர் என்பதற்கெல்லாம் டீ குடித்துக்கொண்டே எழுதிக் கொடுத்ததும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எத்தனை பேர் என்ற இடத்தில் நாலு என்று போட்டிருந்தேன். நான், வீட்டுக்காரி, மகள், மகன். ஐந்தாவதாக அண்ணன் இருக்கிறார். ஏன் போடவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. அவர் பெயர் அம்மா காலத்து ரேஷன் கார்டில் தனியாகக் கிடந்தது, அந்தப் பழக்கத்தில் கை தானாக நாலு என்று எழுதிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவ்வளவு சமாதானம் போதும் என்றால் போதும்.

அண்ணன் டேங்கர் லாரி ஓட்டியவர். அவர் ஓட்டிய ஓட்டத்தில்தான் நான் டிப்ளமோ முடித்தேன். ஒரு மழைநாளில் டேங்கர் மேலே ஏறி மூடியைப் பார்க்கப் போனவர் வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், அதுவும் நின்றது. வாராவாரம் வியாழக்கிழமை சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற, காலுக்குப் பயிற்சி கொடுக்க. ஆட்டோவில்தான் போவோம். நான் தோளைப் பிடிக்க, டிரைவர் காலைப் பிடிக்க, ஒன்று ரெண்டு மூணு என்று தூக்கி உள்ளே வைப்போம். தெருவே நின்று பார்க்கும். சில பேர் உச்சுக் கொட்டுவார்கள். அந்த நேரத்தில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டுவிடுவார்.

"மூட்டை ஏத்துற மாரி ஏத்துறீங்கடா" என்று ஒருநாள் சொன்னார். "எத்தினி வண்டி ஓட்டியிருக்கேன். என் கையால கதவத் தொறந்து, நானே ஏறி ஒக்காரணும்டா. ஒருவாட்டி போதும்."

அது ஒன்றும் நடக்காத ஆசை இல்லை. அவருக்குக் கையில் அப்படி ஒரு பலம். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு யார் உதவியும் இல்லாமல் கையை ஊன்றித் தாவிவிடுவார். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரம், அதனால் முடிகிறது. காருக்குள்ளும் அப்படி ஒரு சீட் இருந்தால் முடியும். இதை அவர்தான் எனக்கு விளக்கிச் சொன்னார்.

அதனால் ஜப்பான்காரர் வருகிறார் என்ற செய்தியைக் கேட்டு எங்கள் வீட்டில் ஜாஸ்தி குஷியானது அவர்தான். ஒரு வாரம் தூங்கவில்லை மனுஷன். என்னை உட்காரவைத்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். சீட் உயரம் இவ்வளவு இருக்கவேண்டும், இதோ என் நாற்காலியை அளந்துகொள். கதவு முழுசாகத் திறக்கவேண்டும். ஏறும் இடத்தில் திண்டு மாதிரி உயரமாக எதுவும் இருக்கக்கூடாது. மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. பின்னால் டிக்கியில் மடக்கின நாற்காலி படுக்கவேண்டும். "நீ பேசினா ஒளறுவ. அவுரு வந்தா நானே பேசிக்கிறேன்" என்றார்.

வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தச் சென்னைப் பெண் மறுபடி பேசினார். "வீட்ல எதையும் மாத்தாதீங்க சார். தினமும் எப்படி இருக்கீங்களோ அப்படியே இருக்கணும். நாலு பேர் ஃபேமிலிதானே? கம்பெனி கேட்டது அதுதான். அதுல மாத்தம்னா வேற வீட்டுக்குப் போய்டுவாங்க."

"ஆமாங்க, நாலு பேருதான்" என்றேன்.

பயந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன். அதெல்லாம் இல்லை. வெட்கம். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நம் வீட்டுக்குள் வருகிறார், காமிரா வருகிறது, நாளைக்கு ஜப்பானில் ஒரு பெரிய ரூமில் எங்கள் குடும்பப் படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் படத்தில் மூத்திரப் பையோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

அப்படியே இருக்கவேண்டும் என்று சொன்ன வீட்டில் நாங்கள் எதையும் அப்படியே விட்டு வைக்கவில்லை. முன்கூடத்துக்கு வெள்ளை அடித்தோம். பெரியநாயகி மாதா படத்துக்குப் புதுச் சீரியல் பல்பு போட்டோம். எதிர்வீட்டு சோபாவை இரவல் வாங்கிப் போட்டோம். மருந்து டப்பா, பேண்டேஜ் துணி எல்லாம் பரணுக்குப் போயிற்று. கட்டிலில் பூப்போட்ட விரிப்பு. கடைசியாக மாற்றவேண்டியது அண்ணன்.

எதிர்வீட்டுக்காரர் எனக்கு மச்சான். முறை ஒன்றும் கிடையாது, வாய்ப்பழக்கம்தான். அன்று காலையில் அண்ணனை அவர் வீட்டு முன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "மொதல்ல வீட்ட பாப்பாராம்ண்ணா. நாற்காலி கூடத்துல இருந்தா எடம் பத்தாது. எல்லாம் முடிஞ்சதும் கடைசியா ஒன்கிட்ட கூட்டியாறேன்."

அவர் நம்பினார். தம்பி சொன்னால் நம்புகிற ஆள். சுத்தமாகச் சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, அந்தக் காலண்டர் தாளை மடியில் வைத்துக்கொண்டு மச்சான் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

ஜப்பான்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றி வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கூட போட்டோ எடுக்க ஒருத்தர், தமிழில் கேட்டுச் சொல்ல அந்தச் சென்னைப் பெண். அவ்வளவு பெரிய கம்பெனியின் இன்ஜினியர், கையில் ஒரு சாதாரண டேப். நாலு பேரையும் பைக்கில் ஏறச் சொன்னார். மகன் டேங்க் மேலே, நான், மகள், கடைசியில் ஒருக்களித்து என் வீட்டுக்காரி. அப்படியே இருங்கள் என்று சுற்றிச் சுற்றி அளந்தார். அவள் காலுக்கும் தரைக்கும் எவ்வளவு, பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு. அவளைப் புடவையோடு சோபாவில் ஏழு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். "இதுக்கா ஜப்பான்லேந்து வந்தாரு, பாவம்" என்று அவள் என் காதில் சொன்னாள்.

வாசற்படியில் சாய்வாக சிமென்ட் போட்டிருந்ததைப் பார்த்துக் குனிந்தார். நாற்காலி ஏற நாங்கள் போட்டது அது. எதற்கு என்று கேட்டார்.

"பைக் ஏத்த" என்றேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதற்காகவே அப்படிப் போட்டிருப்பார்கள், சந்தேகமே வராது. அவர் அதையும் அளந்து எழுதிக்கொண்டார். பைக்குக்கு இத்தனை நீளமான சாய்வு வேண்டாமே என்று கேட்டார் என்று அந்தப் பெண் சொன்னார். "மழைல வழுக்கும், அதான்" என்றேன். வாயில் வண்டி வண்டியாகப் பொய் வருகிறது எனக்கு.

கடைசியாகக் கேட்டார். உங்கள் வீட்டில் வண்டியில் ஏற இறங்கச் சிரமப்படுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? வயசானவர், முட்டி வலிக்காரர், நடக்க முடியாதவர்?

"யாரும் இல்லீங்க."

"பெரியப்பாதான் இருக்காங்களே" என்றாள் மகள்.

வீட்டுக்காரி பிள்ளையின் தோளை அழுத்தினாள். சென்னைப் பெண் என்னைப் பார்த்தார். "அது அவுங்க வேற வீட்ல இருக்காங்க" என்றேன். அந்த நிமிஷத்துக்கு அது பொய்கூட இல்லை. அந்தப் பெண் ஜப்பான்காரரிடம் என்ன சொன்னாரோ, அவர் பேனாவால் கட்டத்தில் ஒரு குறி போட்டார். பிறகு எழுந்து நின்று, நீங்கள் உள்ளதை உள்ளபடி சொன்னது எங்களுக்குப் பெரிய உதவி என்று சொல்லி, இடுப்பு வளைய எனக்கு வணக்கம் வைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. எதிர்வீட்டைப் பார்க்காமல் அவர்களை வேனில் ஏற்றிவிட்டேன்.

மச்சான் வீட்டுக்குள் போனபோது அண்ணன் தாளை இரண்டாக மடித்துக்கொண்டிருந்தார். "கூட்டியாறேன்னியே?"

"நேரமாயிட்டுதுன்னு கெளம்பிட்டாருண்ணா. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்னப் பத்தி சொன்னியா?"

"சொன்னேன்."

"சீட் ஒயரம்?"

"அதுவுந்தான். எழுதிக்கிட்டாரு."

"எழுதிக்கிட்டாரா!" முகம் எப்படி மலர்ந்தது என்று என்னத்தைச் சொல்ல. "ஜப்பான்காரன் எழுதிக்கிட்டான்னா செய்வான்டா. நம்ம ஆளுங்க மாரி இல்ல. நீ பாரு."

என் வீட்டுக்காரி அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், "மாமாகிட்ட உண்மைய சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. நாள் போகப் போகச் சொல்வதற்கான இடமே இல்லாமல் போயிற்று. ஏனென்றால் அண்ணன் அந்தக் காருக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்று வருஷம். சும்மா இல்லை. போனில் அந்த வண்டியைப் பற்றி வருகிற ஒவ்வொரு வீடியோவையும் பார்ப்பார். கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மூடிக்கொண்டு டெஸ்ட் ஓட்டுவதை யாரோ ஒளிந்து எடுத்துப் போட்டால், அதை நிறுத்தி நிறுத்திக் கதவின் அகலத்தை யூகிப்பார். இந்தியாவுக்கு மட்டும் இல்லையாம், இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ என்று எங்கெல்லாமோ விற்கப்போகிறார்களாம். சென்னைப் பக்கத்திலேயே செய்து கப்பலில் அனுப்புவார்களாம். ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு பெயர். நம் ஊரில் நாலு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு, அதனால் வாலை வெட்டிவிடுவார்கள், டிக்கிதான் சின்னதாகிவிடும் என்று கவலைப்படுவார். "பரவால்ல, நாற்காலிய பின்சீட்ல மடக்கிப் போட்டுக்கலாம். சீட்தான் முக்கியம்."

சிதம்பரத்தில் பயிற்சி அறையில் அவரைப் போல ஏழெட்டுப் பேர் வருவார்கள். பண்ருட்டிக்காரர் ஒருத்தர், பெண்ணாடத்திலிருந்து ஒரு டீச்சர், இப்படி. எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். "அவசரப்பட்டு வேற வண்டி வாங்கிடாதீங்க. என் தம்பி நேரா சொல்லியிருக்கான். வருது." அவர்கள் என்னைக் கண்டால், சார் எப்ப சார் வருது என்பார்கள். நான் என்ன செய்வேன்? இந்த வருஷம் வந்துடும்ங்க என்பேன். மனசுக்குள், ஒருவேளை வேறு எந்த வீட்டிலாவது சொல்லியிருப்பார்கள், அந்த ஜப்பான்காரர் எங்கள் வீட்டுக்கு மட்டுமா போயிருப்பார் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மூன்று வருஷம் சோறு இறங்கியது எனக்கு.

ஒருநாள் அண்ணன் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். ஜப்பானில் எடுத்த வீடியோ. அங்கே வண்டி வந்துவிட்டது, வேறு பெயரில், ஆனால் அதே வண்டி. முன்கதவைத் திறக்கிறார்கள். சீட் மெதுவாக வெளிப்பக்கம் திரும்புகிறது, அப்படியே கீழே இறங்கி நிற்கிறது. ஒரு பெரியவர் தன் நாற்காலியிலிருந்து கையை ஊன்றி அதில் தாவி உட்காருகிறார். சீட் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்புகிறது. கதவை அவரே சாத்திக்கொள்கிறார்.

"பாத்தியா? நீ சொன்னத அப்பிடியே செஞ்சிட்டான்டா" என்றார் அண்ணன். கண்ணில் தண்ணீர். நானும் அழுதேன். அவர் அழுததற்கும் நான் அழுததற்கும் காரணம் வேறு.

இங்கே விற்பனைக்கு வரும் முன்பே மஞ்சக்குப்பத்தில் பெரிய போர்டு வைத்தார்கள். அப்பா, மல்லிகைப்பூ வைத்த அம்மா, ஒரு பெண், ஒரு பையன். பின்னால் அந்த வண்டி. பஸ்ஸில் போகும்போது வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "நம்மள மாரியே இருக்காங்கல்ல" என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே எங்களை மாதிரித்தான் இருந்தார்கள்.

வண்டி வந்த முதல் வாரமே கடலூர் ஷோரூமுக்குப் போகவேண்டும் என்று அண்ணன் பிடிவாதம். பலூனெல்லாம் கட்டியிருந்தார்கள். நாற்காலியை வண்டியின் முன்கதவுப் பக்கம் தள்ளச் சொன்னார். தானே கதவைத் திறந்தார். சீட்டைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். ஒரு பக்கமாக, இன்னொரு பக்கமாக. அடியில் கையை விட்டு லிவர் தேடினார். அது முன்னும் பின்னும் போனதே தவிரத் திரும்பவில்லை. ஏறும் இடத்தில் அந்தத் திண்டு, ஒரு முழ உயரத்துக்கு. கூரை தாழ்வு. ஷோரூம் ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டாப் மாடல்ல வருமா?" என்று கேட்டார்.

மேனேஜர் நல்ல மாதிரியான ஆள். போனில் அந்த ஜப்பான் வீடியோவைப் பொறுமையாகப் பார்த்தார். "இது இந்தியாவுக்குக் கெடையாதுங்க. டிரெய்னிங்ல நாங்களும் கேட்டோம். இங்க வீடு வீடாப் போயி சர்வே எடுத்தாங்களாம். நம்ம பக்கம் யாருமே இதக் கேக்கலன்னு சொன்னாங்க. தேவ இல்லன்னு எடுத்துட்டாங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல், இப்போதாவது சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொள்கிறது. வாய் வரவில்லை. அவர் மேனேஜரிடம், "சரிங்க, தேங்க்ஸ்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வண்டியையே வாங்கினோம். வேண்டாம் என்றேன். "வாங்குடா, புள்ளைங்களுக்கு ஆவும். ஆட்டோல முதுகு அடிவாங்குது எனக்கு" என்றார் அண்ணன். வியாழக்கிழமை வந்தால் இப்போது ஆட்டோக்காரர் இல்லை, நான் ஒருத்தன்தான். குனிந்து, அவர் அக்குளில் கைகொடுத்து, தலையில் கூரை இடிக்காமல் சாய்த்து, காலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்கவேண்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்வரை எனக்கு மூச்சு வாங்கும். போய்ச் சேர்ந்ததும் இறக்கவேண்டும். திரும்பவும் ஏற்றவேண்டும். பயிற்சி அறையில் எந்த வண்டி எப்போது வரும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பெண்ணாடத்து டீச்சர் வருவதையே நிறுத்திவிட்டார், கூட்டிவர ஆள் இல்லையாம்.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை. கட்டுப் போட்டு முடித்து ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டியில் ஏற்றும்போது என் இடுப்பில் சுரீர் என்று ஒன்று பிடித்தது. கை நழுவியது. அவர் விழாமல் இருக்க நான் அடியில் போனேன். இரண்டு பேரும் திறந்த கதவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தோம். நல்ல வெயில். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள், ஒருத்தர் வாட்ச்மேனைக் கூப்பிடுகிறேன் என்று போனார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன்தான் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார், என் தலையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். உணர்ச்சி இல்லாத தொடை.

"அடிபட்டுதாடா?"

"இல்லண்ணா."

"வீட்டுக்கு வீடு ஒருத்தன் என்ன மாரி கெடக்கான். எல்லாப் பயலும் மறைச்சிருக்கானுங்க பாரு" என்றார். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாக. "கேக்க வந்தவன்கிட்ட வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு இவனுங்களுக்கு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் நெற்றியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"நீ ஒருத்தனாவது சொன்னியே. அது போதும்டா எனக்கு."

வாட்ச்மேன் வந்துவிட்டார். நான் முட்டியை ஊன்றி எழுந்தேன். அண்ணன் இரண்டு கையையும் என் கழுத்தில் போட்டார்.

"கெட்டியா புடிச்சிக்கண்ணா" என்றேன்.